பெட்டியின் முதுகு

ஆர் பெட்டி இழைத்துக் கொண்டு வந்தாலும் அம்மம்மா அதை முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பா. நிறம், பூ, விளிம்பு எல்லாம் பிறகு. கவிழ்த்து, உள்ளங்கையால் ஒருக்காத் தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓலை முடிந்த இடங்களை நகத்தால் நெருடுவா. "முகத்தை ஆரும் வடிவாக்கலாம் பிள்ளை. முதுகைப் பார்த்தால்தான் இழைச்சவள் ஆரெண்டு தெரியும்" என்பா.

இதை எழுதும்போது என் மடியில் ஒரு கையுறை கிடக்கிறது. பெருவிரலுக்கு விட்ட ஓட்டை இன்னும் மூடப்படவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூல். நடுவே எட்டு இதழ்ப் பூ. பேத்திக்காகப் பின்னுகிறேன். ஒஸ்லோவில் நவம்பர் மாதம், பின்னேரம் நாலு மணிக்கே இருண்டுவிட்டது. பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து சோடியின் மற்றக் கையுறையை எடுத்தாள். போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அதை உள்வெளியாகப் புரட்டி, பின்பக்கத்தில் ஓடும் நூல்களை விரலால் வருடிக்கொண்டு நின்றாள். ஆரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கணத்தில் நான் நெடுந்தீவுக்குப் போய்விட்டேன்.

கையுறை என்பது எங்கள் வாயில் இருந்த சொல் இல்லை, புத்தகச் சொல். போர்த்துக்கேயர் 1619 இலிருந்து 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டு முடித்துப் போகும்போது உடுப்போடு சேர்ந்த எத்தனையோ சொற்களை விட்டுப்போனார்கள். காலுக்கு மேஸ், சப்பாத்து; மூக்குத் துடைக்க லேஞ்சி; சட்டைக் கழுத்துக்கு றேந்தை. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கேற்ஸ் என்ற பெயரும் இறங்குதுறைக்கான அவர்களின் சொல்லிலிருந்து வந்ததுதான். யானைகளைக் கப்பலேற்றிய துறை அது. கைவிரல்களை மூடும் உறைக்கு மட்டும் அவர்களிடமிருந்து நாங்கள் சொல் எதுவும் வாங்கவில்லை. வாங்கி நெடுந்தீவில் அதை என்ன செய்வது? அவர்களுக்குப் பின்னால் வந்த ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம். அவையெல்லாம் உதிர்ந்துபோயின. எங்கள் தீவோடு மட்டும் டெல்ஃப்ட் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பன்னவேலைதான் எங்கள் வீட்டின் பின்னேரம். பனங்குருத்தோலையை வெட்டி விரித்து வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளிறி வெளிறித் தந்த நிறத்துக்கு வரும். அதுதான் சார்வு. ஈர்க்கைக் களைந்து, சத்தகத்தால் ஒரே அகலத்துக்கு வார்ந்து வைப்பா. பாதியை வெள்ளையாக விட்டு, மிச்சத்தைச் சாயத்தில் அவிப்பா. பழைய பானை ஒன்று இதற்கென்றே கிணற்றடியில் இருக்கும். சிவப்பு, கிளிப்பச்சை, நாவற்பழ ஊதா. சாயம் அவிக்கிற நாளில் வளவு முழுக்க ஒரு மணம் எழும்பும்: நனைந்த ஓலையும் விறகுப் புகையும் சாயத்தூளின் காறலும் சேர்ந்த மணம். அது எனக்கு இப்போதும் வரும். நோர்வேயில் ஈரக் கம்பளியை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போடும்போது வருகிற மணத்துக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அது இருக்கிறது.

கடகம், நீத்துப்பெட்டி, மூடுபெட்டி, குட்டான், தடுக்கு, சுளகு, வெற்றிலை வைக்கிற கொட்டைப்பெட்டி, மீன் வாங்கப் போகிற உமல். பிறந்த பிள்ளையைக் கிடத்துவதும் ஓலையில், புட்டு அவிப்பதும் ஓலையில். அன்றாடம் புழங்குவதற்கு அம்மம்மா நிறம் போடமாட்டா. கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகிற பெட்டிக்குத்தான் நிறம். வெள்ளை ஓலையால் பெட்டியை இழைத்து முடித்தபிறகு, அதன்மேல் நிற ஓலையைச் செருகிச் செருகிப் பூப் போடுவா. வாய்க்குள் ஒரு எண்ணிக்கை ஓடும். "ரெண்டு தூக்கு, மூண்டு விடு. ரெண்டு தூக்கு, ஒண்டு விடு." அந்த நேரத்தில் ஆர் கூப்பிட்டாலும் அம்மம்மாவின் காதில் விழாது. எண்ணிக்கை பிசகினால் முழு வரிசையையும் கழற்றுவா. ஒரு ஓலையை மட்டும் திருத்திப் போட்டால் வெளியே தெரியாதே என்று ஒருமுறை சொன்னேன். பதில் சொல்லாமல் கழற்றிக்கொண்டே இருந்தா.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா வரும். சோளகக் காற்றுக் காலம், கடல் பொல்லாதது. அப்படியிருந்தும் நிறப்பெட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அம்மம்மா வள்ளம் ஏறுவா. கோயில் வீதியோரத்தில் சாக்கை விரித்துப் பரப்பிவிட்டு இருப்போம். வாங்க வருகிறவர்கள் பூவைப் பார்த்து விலை கேட்பார்கள். எங்கேயோ ஒருத்தி பெட்டியைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பார்ப்பாள். அவளுக்கு அம்மம்மா விலை குறைத்துக் கொடுப்பா. ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

குளிர் என்று நாங்கள் சொன்னது மார்கழிப் பனியை. கணக்குப் பார்த்தால் இருபது பாகைக்குக் கீழே இறங்குவதே அருமை. என்றாலும் அது எங்களுக்குக் குளிர்தான். திருவெம்பாவைப் பத்து நாளும் விடியப்புறம் பெடியள் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கையால் வருவார்கள். சத்தம் கேட்டு எழும்பினால் தாத்தா ஏற்கெனவே முற்றத்தில் நிற்பார், தலையில் கம்பளித் தொப்பியோடு. மண்ணிறம், காதுக்கு மேலே இரண்டு வெள்ளை வரி. நுவரெலியாவில் கடையொன்றில் நின்ற மாமா ஒரு வருசப் பிறப்புக்குக் கொண்டு வந்து கொடுத்தது. அந்த நாளில் தீவார் பலர் கொழும்பிலும் மலைநாட்டிலும் கடைகளில் நின்றார்கள்; விடுமுறைக்கு வரும்போது அந்த ஊர்களின் சீதோஷ்ணத்தையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வருவார்கள். தீவில் நான் கண்ட ஒரே கம்பளி அந்தத் தொப்பி.

தாத்தா 1973இல் செத்துப்போனார். அடுத்த வருசம் பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர் எங்களுக்குப் பிள்ளைத் தொப்பி பின்னப் பழக்க வெளிக்கிட்டா. றேந்தை பின்னல் எங்கள் எல்லாருக்கும் தெரியும். இது இரண்டு ஊசிப் பின்னல். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் கம்பளி நூலுக்கு எங்கே போவது? சைக்கிள் சில்லுக் கம்பியை நுனி தேய்த்து ஊசியாக்கினோம். நூலுக்குப் பழைய உடுப்பைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னா. நான் அம்மம்மாவிடம் கேட்கவில்லை. அலுமாரிக்குள் இருந்த தாத்தாவின் தொப்பியை எடுத்து, உச்சியில் முடிச்சைத் தேடி அறுத்து இழுத்தேன். ஒரு வரிசை, இன்னொரு வரிசை என்று அது கழன்று வந்த வேகம் இப்போதும் விரலில் நிற்கிறது. தலையின் உருவம் கண் முன்னால் இல்லாமற்போய், சுருள் சுருளான நூலாகி மடியில் குவிந்தது.

அம்மம்மா கண்டுவிட்டா. ஏசுவா என்று இருந்தேன். பக்கத்தில் வந்து குந்தி, மண்ணிற நூல் வெள்ளையாக மாறுகிற இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினா. அந்த வெள்ளை வரி வெளியே ஒட்டிய வரி இல்லை; மண்ணிற நூலோடு சேர்ந்து உள்ளுக்குள்ளே ஓடி, வேண்டிய இடத்தில் மட்டும் வெளியே எட்டிப் பார்த்திருந்தது. தொப்பியின் மிச்சத்தை அம்மம்மா புரட்டிப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா. "உவள் ஒரு நல்ல பிள்ளை" என்று சொன்னா. நுவரெலியாவிலோ வேறெங்கேயோ அதைப் பின்னிய, தான் ஒருநாளும் காணாத ஒருத்தியைச் சொன்னா. பிறகு எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சோதனையில் நல்ல புள்ளி கிடைத்தது. அந்தப் பிள்ளைத் தொப்பி எங்கே போனதென்று தெரியாது. தாத்தாவின் தொப்பியைக் கழற்றாமல் விட்டிருக்கலாம் என்ற எண்ணம் ஒவ்வொரு மார்கழியும் வருகிறது.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வெளிக்கிட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, உள்ளே இருந்த சனத்தை வெட்டிக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அந்த வருசம் அம்மம்மா சாயப் பானையை அடுப்பில் ஏற்றவில்லை. பெட்டி இழைத்தா; வெள்ளை ஓலையில் மட்டும் இழைத்தா. ஆரும் ஏனென்று கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் பிறகும் அதே குமுதினியில்தான் ஏறி இறங்கினோம். நெடுந்தீவாருக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் கடைசியாக வெளிக்கிட்டதும் அதில்தான், 1988இல். இறங்குதுறையில் அம்மம்மா என் கையில் ஒரு குட்டானைத் திணித்தா. உள்ளே பனங்கட்டி. குட்டான் விளிம்பில் ஒரேயொரு சிவப்பு ஓலை ஓடியிருந்தது.

எங்கள் தீவுகளுக்கு நோர்வே புதிய பெயரில்லை. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இலேயே அங்கே போய் மீன்பிடித் தொழில் படித்தவர். அவருடைய முயற்சியில் 1967இல் தொடங்கிய சீநோர் நிறுவனம் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகு கட்டும் தளமும் நடத்தியது. காரைநகரில் கட்டிய கண்ணாடி இழைப் படகுகளை எல்லாரும் அறிவார்கள். அந்தப் பாதையில் பெடியள் நோர்வேக்குப் படிக்கப் போனார்கள். பிறகு சண்டை முற்ற, ஓடித் தப்பப் போனார்கள். வடக்கே பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு ஆள் இல்லாத காலம் அது. என் கணவர் இரண்டு வருசம் முந்திப் போயிருந்தார். நான் போய் இறங்கிய இடம் வார்டோ.

அதுவும் ஒரு தீவுதான். கரையிலிருந்து கடலுக்கு அடியால் வெட்டிய சுரங்கவழியால் போகவேண்டும். 1980களின் தொடக்கத்தில் திறந்தது, நோர்வேயில் அப்படியானவற்றில் முதலாவது. தீவில் எங்கள் ஊரைப்போலவே ஒரு பழைய கோட்டை, எட்டு மூலை நட்சத்திர வடிவத்தில். மீன் மணம், காற்று, கடற்பறவைச் சத்தம். மரம்தான் இல்லை. பனங்கூடலுக்குள் வளர்ந்தவளுக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிமிர்ந்து நிற்க ஒன்றும் இல்லாத அந்த மண் முதல் நாளே வயிற்றைப் பிசைந்தது. நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி பாதிக்குப் பிறகுதான் திரும்பி வந்தது.

வேலை, கொட் மீனைத் துண்டாக்கி முள் எடுப்பது. மீன் வருவது பனிக்கட்டிக்குள்ளிருந்து. றப்பர் உறைக்குள்ளே பருத்தி உறை. அது நனைந்துவிட்டால் விரல் நுனிகள் முதலில் எரியும், பிறகு இல்லாமற்போகும். இரண்டாம் கிழமை, என் வரிசையில் நின்ற வயதுபோன நோர்வே அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தா. அடுத்த நாள் ஒரு சோடி கம்பளி உறை கொண்டு வந்து தந்தா. பெரிதாகப் பின்னி, சுடுதண்ணீரில் கசக்கிச் சுருங்க வைத்து, தோல்போலத் தடித்துப்போன உறை. இரண்டு பெருவிரல் இருந்தது. ஏனென்று கேட்டேன். அந்த ஊர் மீனவர்கள் துடுப்பு வலித்தும் கயிறு இழுத்தும் ஒரு பக்கம் தேய்ந்தால், மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்களாம். கம்பளி நனைந்தாலும் சூடு விடாது. கடல்தண்ணீரில் நனைய நனைய இன்னும் இறுகும். இரண்டு பெருவிரல் வைத்த ஒரு பொருளை நினைத்துக் கண்டுபிடித்தவள் ஒரு மீனவனின் பெண்சாதியாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு அன்றே பட்டது.

அந்த அம்மாதான் எனக்கு இரட்டை நிறப் பின்னல் பழக்கினா. இருண்ட ஞாயிற்றுக்கிழமைகளில் அவவின் குசினியில். ஒரு நிறம் இடது கையில், மற்றது வலது கையில். ஐந்து ஊசி, நாலில் கண்ணிகள், ஐந்தாவதால் பின்னல். முன்பக்கத்தில் கறுப்பு வேண்டிய இடத்தில் வெள்ளை நூல் பின்னுக்கு மறைந்து ஓடும், வெள்ளை வேண்டிய இடத்தில் கறுப்பு ஓடும். அதனாலேயே துணி இரட்டையாகி, சூடு இரட்டிக்கும். நூலை ஐந்து கண்ணிக்கு மேல் பின்னால் ஓடவிட்டால் விரல் மாட்டும். இழுத்துப் பிடித்தால் பூ சுருங்கிக் கூனிவிடும். அவவும் வாய்க்குள் எண்ணுவா. எனக்கு மொழி சரியாகத் தெரியாத நாட்கள். ஆனால் அந்த எண்ணிக்கை விளங்கியது. தூ, த்ரே. தூ, த்ரே. ரெண்டு தூக்கு, மூண்டு விடு.

நான் முதல் சோடியை முடித்துக் கொடுத்தபோது அவ அதை உள்வெளியாகப் புரட்டினா. நான் அழுதுவிட்டேன். பின்னல் சரியில்லை என்று அழுகிறேன் என்று அவ நினைத்து, கோப்பி ஊற்றித் தந்தா. எந்த மொழியில் அவவுக்கு நான் சொல்வது?

அந்த எட்டு இதழ்ப் பூவுக்கு ஒரு கதை இருக்கிறது. ட்ரொன்ஹைம் நகருக்குப் பக்கத்தில் செல்பு என்றொரு ஊர். 1857இல் மாரித் என்ற பதின்ம வயதுப் பெண் வெள்ளையில் கறுப்புப் பூப் போட்டுக் கையுறை பின்னினாள். சகோதரிகளோடு தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போக, ஊரே பார்த்ததாம். அங்கிருந்து பரவி, அந்த ஊர்ப் பெண்கள் கையுறை விற்றுக் குடும்பம் பார்த்தார்கள். 1934இல் செல்புவில் கைவேலை நிலையம் ஒன்று அமைத்து, வருகிற கையுறைகளின் தரத்தையும் பார்த்து வாங்கினார்கள். இன்றைக்கு அது நோர்வேயின் அடையாளமே ஆகிவிட்டது. எட்டு இதழ்ப் பூ அவர்களுக்கு மட்டும் உரியதில்லை. கட்டம் கட்டமாக எண்ணி வேலை செய்கிற எந்தக் கையும் அந்தப் பூவில் வந்து முட்டும். அம்மம்மாவின் மூடுபெட்டியிலும் அது இருந்தது. அதற்கு அவ பெயர் வைத்ததில்லை. "அந்தப் பூ" என்பா, அவ்வளவுதான்.

1992இல் அம்மம்மாவுக்கு ஒரு தொப்பி பின்னினேன். மண்ணிறம், காதுக்கு மேலே இரண்டு வெள்ளை வரி. அதற்கு மேலே அந்தப் பூ. கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கொடுத்து, அது எப்போது எப்படித் தீவுக்குப் போய்ச் சேர்ந்ததென்று எனக்குத் தெரியவில்லை. முந்திய வருசம் ஒக்டோபரில் இராணுவம் இறங்கியதோடு வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் வெறுமையாகிக் கிடந்தன. கடிதங்கள் மாதக்கணக்கில் அலைந்தன. 1994இல் அம்மம்மா காலமான செய்தி வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாளும் கடந்துவிட்டது.

2003இல், சமாதானக் காலத்தில், திரும்பிப் போனேன். குறிகட்டுவானில் குமுதினி நின்றது. முருகைக்கல் வேலிகள் அப்படியே இருந்தன. மட்டக்குதிரைகள் வெட்டையில் மேய்ந்தன. வீட்டில் பெரியம்மா மட்டும். நீத்துப்பெட்டி அலுமினியமாகியிருந்தது. கடகம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடை. பின்னேரம் பெரியம்மா ஒரு சீலைத் துண்டை அவிழ்த்து என் தொப்பியை எடுத்துத் தந்தா.

"போட்டவவோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு மார்கழி போட்டவ. கழற்றவே மாட்டா."

"என்னெண்டாலும் சொன்னவவோ?"

பெரியம்மா யோசித்தா. "வந்த அண்டைக்கே உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவ. 'நூலை இறுக்கி இழுத்துப்போட்டாள், பூ மூச்சு விடேல்லை. எண்டாலும் எண்ணிக்கை பிழைக்கேல்லை' எண்டவ."

தொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். அம்மம்மா சொன்னது சரி. மூன்றாவது பூவில் நூல் இறுகித்தான் கிடந்தது.

அந்த வீட்டில் ஒரு நிறப்பெட்டிகூட மிச்சமில்லை. அந்தப் பெட்டிகளில் என்னென்ன கோலம் இருந்ததென்று கேட்டால், எனக்கு முழுதாக வருவது இரண்டுதான். மற்றதெல்லாம் அம்மம்மாவின் வாய்க்குள் ஓடிய எண்ணிக்கையோடு போய்விட்டது. செல்புவின் பூக்கள் அப்படிப் போகவில்லை. அன்னே போர்ட்ஸ்கோர்ட் என்ற பெண்மணி அந்த ஊர்க் கையுறைகளைப் பார்த்துப் பார்த்து, நூற்றுக்கணக்கான கோலங்களைக் கட்டம் கட்டமாக வரைந்து 2016இல் புத்தகமாக்கினார். பழங்கையுறை ஒன்று கிழிந்துபோனாலும் அதன் பூவை ஆரும் திரும்பவும் பின்னலாம். எங்கள் பன்னவேலைக்கும் அது நடக்க வேண்டும். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. விற்பனைக்கான பொருட்கள் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொரு கிழவியின் கையில் இருந்த கோலங்களைச் சபை மட்டும் வந்து எண்ணி முடியாது.

ஆகையால் உங்களிடம் கேட்கிறேன். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ புங்குடுதீவிலோ அனலைதீவிலோ, இல்லாவிட்டால் ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ, உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பழைய நிறப்பெட்டி கிடந்தால், இறக்கித் தூசு தட்டுங்கள். கவிழ்த்துப் பாருங்கள். பிள்ளைகளின் சதுர றூள் கொப்பி ஒன்றை எடுத்து, ஒரு கட்டத்துக்கு ஓர் ஓலையாக எண்ணி நிரப்புங்கள். கீழே இழைத்தவவின் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.